மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

திருத்தணியில் என்னிடம் யாரும் கேள்வி கேட்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சித்தூர் சாலையில் ஒரு பழைய நெல் குடோன். அதை வாடகைக்குப் பிடித்து, உள்ளே வெள்ளையடித்து, வரிசையாக விளக்குப் போட்டு வில்வித்தைக் கூடமாக்கியிருந்தார் ஒருவர். ஊரில் அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அரக்கோணத்தில் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். வாலிபத்தில் மாநிலப் போட்டிகளுக்கெல்லாம் போய்வந்தவராம். கூடம் திறந்த புதிதில், முருகன் ஊரில் வேலை விட்டுவிட்டு வில்லைப் பிடிக்கிறார்களே என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது என் கணவர் வீட்டை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நகரியில் விசைத்தறி வேலை என்று போனவர், அங்கேயே வேறொரு பெண்ணோடு தங்கிவிட்டார். சண்டை கிண்டை எதுவுமில்லை. ஒரு பொங்கலுக்கு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. அவர் என் அத்தை மகன். பாவாடை கட்டிய வயதிலிருந்து பாவா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். அதனால் அவர் போனது என்னோடு நிற்காமல் இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் பொதுப்பேச்சாகிவிட்டது. மணவூரில் அம்மா வீட்டுக்குப் போனால் கேட்பார்கள். பால் வாங்கப் போனால் கேட்பார்கள். அரக்கோணம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் எனக்கு வேலை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சில்லறையைப் பொறுக்கிக்கொண்டே, "அவரு வந்தாராம்மா?" என்று கேட்டவர்கள்கூட உண்டு. கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு "இல்லைங்க" என்று சொல்லவேண்டியிருந்தது. அதிலேயே நான் தேய்ந்துபோனேன்.

கூடத்துக்கு என்னை இழுத்துப்போனவள் என் தோழி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். கவுண்ட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குத் தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. "வாக்கா, சும்மா வந்து பாரு. நா ஒரு மாசமா போய்கினு கீறேன். தூக்கம் நல்லா வருது," என்றாள்.

போன முதல் நாள் என்னைப் பிடித்து நிறுத்தியது வில் அல்ல, அங்கே இருந்த அமைதி. அம்பு விடுகிறவர்கள் நிற்க தரையில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு நன்றாகப் பின்னால் ஒரு மஞ்சள் கோடு. வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் தன் முறைக்குக் காத்திருப்பவர்களும் அந்த மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது. அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். வெள்ளைக் கோட்டில் ஒருவர் நிற்கும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது. குட்மார்னிங் கூடாது, சபாஷ் கூடாது, ஐயோ கூடாது. போனை அணைத்து வாசல் பக்கம் இருக்கும் மர அலமாரியில் வைத்துவிட வேண்டும். வளையலைக் கழற்ற வேண்டும். அடுத்தவர் வில்லைக் கேட்காமல் தொடக்கூடாது. நாம் விட்டு முடித்திருந்தாலும், பக்கத்தில் நிற்பவர் நாணை இழுத்துப் பிடித்திருக்கும்போது நகரக்கூடாது. அவர் விட்ட பிறகுதான் பின்னால் வரவேண்டும்.

ஒருநாள் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஒரு தறி முதலாளி, தன் மகள் விட்ட அம்பு இலக்கின் நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் தைத்ததும் கை தட்டிவிட்டார். பக்கத்தில் நின்றவர் அம்பு சுவரில் போய் அடித்தது. பாய் மெதுவாக அவரிடம் போய், "வெளிய போய் நல்லா தட்டிட்டு வாங்க சார். டீ சொல்றேன்," என்றார். அவர் கோபப்படாமல் வெளியே போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்படிப்பட்ட இடத்தில் யார் வந்து என்னிடம் என் கணவரைப் பற்றிக் கேட்பார்கள்? நான் அதற்காகத்தான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. வேலை முடிந்து மாலை ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே குடோனுக்குப் போய்விடுவேன். அங்கே பேசாமல் இருப்பது மரியாதை. வெளியே நான் பேசாமல் இருந்தால் அதற்கும் ஒரு காரணம் கற்பிப்பார்கள்.

தோழி இடதுகைக்காரி. நான் வலதுகைக்காரி. அடுத்தடுத்த இடத்தில் நின்றால் நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் நிற்போம். அம்பைக் கோக்கும்போது அவள் கண்ணும் என் கண்ணும் ஒருமுறை சந்திக்கும். பிறகு அவள் தலை ஒரு பக்கமும் என் தலை ஒரு பக்கமுமாக இலக்கை நோக்கித் திரும்பும். அந்தச் சந்திப்பு எனக்குப் பிடித்திருந்தது. உடன்பிறந்த அக்காவோ தங்கையோ இல்லாதவள் நான்.

எங்களுக்கு ஓரளவு கை வந்ததும், கவனம் கலையாமல் நிற்கப் பழகவேண்டும் என்றாள் அவள். போட்டிக்குப் போனால் எல்லா ஊரும் நம் கூடம் மாதிரி இருக்காது, பக்கத்தில் இருமுவார்கள், கதவு அடிக்கும், யாராவது அழுவார்கள் என்றாள். பாயிடம் கேட்டோம். மற்றவர்கள் யாரும் இல்லாத நேரமாக இருந்தால் சரி, ஆனால் தொடவும் கூடாது, குறுக்கே வரவும் கூடாது என்று அனுமதி கொடுத்தார்.

அந்த நாட்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தன என்பதைச் சொல்லாமல் போனால் பின்னால் சொல்லப்போவது விளங்காது. நான் நாணை இழுத்துப் பிடித்திருப்பேன். அவள் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவாள். ஷட்டரைத் தடதடவென்று இறக்குவாள். தெலுங்குச் சீரியல் மாமியார் மாதிரி பேசிக் காட்டுவாள். முதலில் எனக்கு அம்பு எங்கெங்கோ போனது. சிரிப்பை அடக்க முடியாமல் வில்லை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். போகப்போக ஒன்றும் ஆகவில்லை. கவனம் கலைந்தால் பிடிவாதமாக விடக்கூடாது, நாணைத் திரும்பத் தளர்த்தி, மூச்சு விட்டு, மறுபடி தொடங்கவேண்டும் என்பது பழகிவிட்டது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் அந்தச் சாலை வழியாகப் போனபோது பம்பைச் சத்தத்தில் குடோனின் தகரம் அதிர்ந்தது. எங்கள் இரண்டு பேர் அம்பும் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயின.

அவளுடைய பலவீனம் சின்னக் குழந்தை அழுவது. அவளுக்குக் குழந்தை இல்லை. போனில் குழந்தை அழும் சத்தத்தைப் போட்டுவிடச் சொல்லி அவளே என்னிடம் கேட்டாள். ஒரு தடவை போட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, இனிமேல் இதைச் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம்.

"உன்ன எது தான்க்கா கலைக்கும்? தட்டு போட்டாலும் ஒண்ணும் ஆவல. மேளம் அடிச்சாலும் ஒண்ணும் ஆவல."

நான் யோசித்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"சத்தம் இல்லடி. பாவாதான். நா சமைச்சிகினு இருக்கும்போது அவரு பின்னாடி வந்து நிப்பாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. சும்மா நின்னுகினு பாப்பாரு. திரும்பாமயே எனக்குப் பின்கழுத்துல தெரியும். இப்பக்கூட சில நாளு லைன்ல நிக்கும்போது, அவரு பின்னாடி உக்காந்துகினு கீறாருன்னு தோணிட்டா போதும், கை நடுங்கிப்பூடும்."

இதை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லியிருந்தால், இன்னும் அவன்மேல் ஆசை விடவில்லை என்று அழுதிருப்பாள். தோழி கடலைத் தோலைத் தட்டிவிட்டு, என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு எங்கள் கூடத்திலேயே நடக்கும் என்று முடிவானபோது எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. வெளியூரிலிருந்து நடுவராக ஒரு அம்மா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். பெண்களில் வெளியூர்ப் போட்டிக்குப் போகப்போகிறவர்கள் யார் என்பது மதியத்துக்குள் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. கடைசி ஓர் இடத்துக்கு நானும் அவளும் மிஞ்சியிருந்தோம். புள்ளியில் நான் கொஞ்சம் முன்னால் இருந்தேன். கொஞ்சம்தான், ஆனால் அன்று என் கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

டீக்கு விட்டார்கள். அவள் அலமாரியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கடையில் ஏதோ வேலை போல என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கும் சேர்த்து ஒரு டீ வாங்கி, ஆறாமல் இருக்கட்டும் என்று மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி வைத்தேன். அவள் வந்து குடித்தாள். "சக்கர கம்மியா போட்டுகிறான்," என்றாள்.

விசில் ஊதினார்கள். கோட்டில் போய் நின்றோம். வழக்கம்போல முகத்துக்கு முகம்.

அம்பைக் கோத்துவிட்டு நிமிர்ந்தேன். வழக்கம்போல அவள் கண்ணைப் பார்க்கத் தேடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, நாற்காலிகள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இலக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் நாணை இழுத்தேன். வில்லில் ஒரு மெல்லிய தகடு உண்டு, கிளிக்கர் என்பார்கள். முழுதாக இழுத்ததும் அம்பின் நுனியிலிருந்து அது நழுவி டிக்கென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் விடவேண்டும். அன்று அது அடிக்கவில்லை. இன்னும் ஒரு நூல் அளவுதான் இழுக்கவேண்டும். இழுக்க முடியவில்லை. பின்கழுத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. நாணைத் தளர்த்தினேன். மூச்சு விட்டேன். மறுபடி இழுத்தேன். தகடு அடித்ததா, நான் அதற்கு முன்பே விட்டேனா என்று தெரியவில்லை. அம்பு இலக்கின் கடைசி வெள்ளை வளையத்தில் ஓரமாகப் போய்த் தைத்தது.

செய்யக்கூடாததை அப்போதுதான் செய்தேன். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன்.

மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், முதல் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. மொட்டை அடித்துத் தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்தார். மலைக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறார். உடம்பு இளைத்திருந்தது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. இருமவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி இலக்கைப் பார்த்தேன். எதிரே தோழி நாணை இழுத்துப் பிடித்திருந்தாள். அவள் கை உறுதியாக இருந்தது. அம்பு நடுவில் போய்த் தைத்தது.

அதற்குப் பிறகு நான் விட்ட அம்புகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி முறையில் நாணை இழுப்பதும் தளர்த்துவதுமாகவே நேரம் போய்விட்டது. கடைசி அம்பை நான் விடவே இல்லை. நேரம் முடிந்து விசில் ஊதியபோது அது என் வில்லிலேயே இருந்தது. நடுவர் அம்மா என்னைப் பார்த்து, "உடம்பு ஏதாச்சும் முடியலயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இலக்கிலிருந்து அம்புகளைப் பிடுங்க நானும் தோழியும் சேர்ந்து நடந்தோம். அவள் அம்புகளை அவள் பிடுங்கினாள். என்னுடையதை நான் பிடுங்கினேன். கடைசி இடம் அவளுக்குப் போனது.

நான் வில்லைக்கூடப் பிரித்து வைக்கவில்லை. நெஞ்சில் கட்டியிருந்த கவசத்தோடு வாசலுக்குப் போனேன். அவர் எழுந்து பின்னாலேயே வந்தார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம்.

"எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

அவர் திகைத்துப்போனார். "நீதான வரச் சொன்ன?"

"நானா?"

"உன் ஃப்ரெண்டு போன் பண்ணுச்சே. போன வாரம். அக்காவுக்கு உங்களப் பாக்கணும்னு ஆச, வாய் விட்டுச் சொல்லமாட்டாங்க, இந்தத் தேதிக்குப் போட்டி நடக்குது, வந்து பின்னாடி உக்காருங்க, அது போதும்னு சொல்லுச்சு. அதான் மொட்டையும் போட்டுகினு வந்துட்டேன். சாமிகிட்டயும் ஒரு மன்னிப்பு கேட்டாப்ல இருக்கும்னு." பிறகு தயங்கி, "இப்பகூட டீ நேரத்துல வெளிய வந்து, இன்னும் கொஞ்சம் நேரம் கழிச்சி உள்ள வாங்கன்னுச்சு," என்றார்.

போன வாரம் என்று அவர் சொன்னது என்னைத் தைத்தது. போன வாரம் அவள் எனக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். போன வாரம் என் முழங்கை இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லித் திருத்தினாள். போன வாரம் முழுக்க ஒவ்வொரு மாலையும் எதிரே நின்று என் கண்ணைப் பார்த்தாள். அவர் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவேண்டியதில்லை. அம்மா கூப்பிட்டால் வாசலில் நின்று பேசச் சொல்லி என் போனைத் திறந்து அவள் கையில் கொடுத்துவிட்டு நான் கோட்டுக்குப் போன நாட்கள் எத்தனையோ.

அவரை ஒருநாள் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். எப்படிப் பார்ப்பேன், என்ன கேட்பேன் என்று மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நல்ல புடவை கட்டியிருப்பேன். என் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். கேட்கவேண்டியது எல்லாம் வரிசையாக வாயில் வரும். ஆனால் அந்த மரத்தடியில் ஒன்றும் வரவில்லை. விரலில் நாண் அறுத்த எரிச்சல்தான் இருந்தது. எனக்கென்று வைத்திருந்த அந்த ஒரு நாளையும் அவள் எடுத்துச் செலவு பண்ணிவிட்டாள்.

"நா வரச் சொல்லல பாவா," என்றேன்.

அவர் தலையில் காய்ந்த சந்தனத்தைத் தடவிக்கொண்டார். "அப்ப வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம். பஸ்ஸுக்கு நேரமாவுது, கிளம்புங்க."

அவர் போனார். சாலையைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. அவரையும் அவள் ஒரு எவர்சில்வர் தட்டு மாதிரித்தான் கீழே போட்டிருந்தாள்.

கூடத்துக்குப் பின்பக்கம் ஒரு குழாய் உண்டு. அவள் அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். அழுதிருந்தாளா, தண்ணீரா என்று தெரியவில்லை.

"ஏன்டி?" என்றேன்.

"உனக்கு நல்லதுதான்க்கா நெனச்சேன். ரெண்டு பேரும் ஒரு தடவ பாத்துட்டா சரியாப்பூடும்னு."

"இன்னிக்கா?"

"அவருக்கு இன்னிக்குத்தான் தறி லீவு."

"டீ நேரத்துக்கு அப்புறந்தான் உள்ள வரணும்னு சொன்னியாமே. அதுக்கும் லீவா?"

அவள் குழாயை இறுக்கி மூடினாள். மறுபடி திறந்து மூடினாள். பிறகு அவள் குரலே மாறிவிட்டது.

"நா லைன்ல உன்கிட்ட பேசினேனா? சத்தம் போட்டனா? உன் வில்லத் தொட்டனா? இன்னா ரூல மீறினேன், சொல்லு பாக்கலாம். அவரு வந்தாரு, சேர்ல உக்காந்தாரு. எல்லாரும்தான் உக்காந்துகினு இருந்தாங்க."

"நான் உன்கிட்ட மட்டுந்தான சொன்னேன்."

"ஆங், சொன்ன," என்றாள். "உனக்கு ரயில்வே வேல கீது. நாலு பேரு மேடம்னு கூப்பிடறாங்க. எனக்கு இன்னா கீது? வீட்டுல ஒரு பெத்த புள்ள இல்லன்னு தெனம் பேச்சு. இதுல ஒண்ணாவது நா செயிச்சேன்னு அவங்க முன்னாடி நிக்கணும். நீ தோத்தா உனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்க்கா."

அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவள் கேட்கவில்லை. குழந்தை அழும் சத்தத்தைப் போட மாட்டேன் என்று நான் சொன்ன நாள் அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் நானும் அவள் செய்ததையே செய்வதாகிவிடும் என்று தோன்றியது. திரும்பி நடந்தேன்.

பாயிடம் சொன்னேன். முழுதாகச் சொல்லவில்லை, சொல்லக்கூடிய அளவு சொன்னேன். அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நானும் பாத்தேன்மா. நீ அப்டி திரும்பிப் பாக்கற ஆளே இல்ல. என்னமோன்னு தோணுச்சு." கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா நா இன்னா எழுதி ஒட்ட முடியும், சொல்லு? யாரு பின்னாடி வந்து உக்காரலாம், யாரு உக்காரக்கூடாதுன்னு எப்டிம்மா எழுதறது?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அவள் எந்த விதியையும் மீறவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. சத்தம் போட்டு என்னைக் கலைத்திருந்தால் நடுவரிடம் கையைத் தூக்கியிருப்பேன். ஊரே அவளைத் திட்டியிருக்கும். இதைப் போய் யாரிடம் சொல்வது? கணவன் வந்து பார்த்தான், அதனால் தோற்றேன் என்று சொன்னால், கேட்பவர்கள் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். அம்மாவிடம் ஒரு பாதி சொன்னேன். "மாப்ள மொட்ட போட்டுகினு வந்தாரா?" என்று கேட்டுவிட்டுக் கண் கலங்கினாள். தோழி எனக்குச் செய்த கெடுதல் அவள் காதில் விழவே இல்லை. நல்ல பெண், பிரிந்தவர்களைச் சேர்க்கப் பார்த்திருக்கிறாள் என்றாள்.

ஒரு மாதத்துக்கு மேல் நான் கூடத்தின் பக்கமே போகவில்லை. அதற்குள் அவள் வெளியூர்ப் போட்டிக்குப் போய் ஒரு பதக்கத்தோடு திரும்பினாள். பஸ் ஸ்டாண்டு முனையில் பெரிய பேனர் வைத்தார்கள். இடது கையால் நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள். கீழே அவள் மாமனார் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வரிசையாக, கைகூப்பிய படங்களில். தினமும் காலையில் ரயிலுக்குப் போக அதன் கீழேதான் நடக்கவேண்டும். படத்தில் அவள் பார்வை நேராக இருந்தது. அந்தப் படம் எடுத்த அன்று கூடத்தில் நானும் இருந்தேன். தலைமுடியைச் சரிசெய்துவிட்டது நான்தான். மழையில் பேனர் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியபோது எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஒருநாள் அவள் என் கவுண்ட்டருக்கு வந்தாள். குனிந்து டிக்கெட் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த நான் குரலைக் கேட்டு நிமிர்ந்தேன்.

"சென்ட்ரலுக்கு ஒரு டிக்கெட்டுக்கா."

டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் நகரவில்லை.

"இன்னும் கோவமாக்கா? நா தெனமும் உன்னப் பத்திதான் நெனச்சிகினு கீறேன். வீட்டுக்கு வரட்டா ஒருநாளு?"

அவள் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒருவர் ரயில் வந்துவிட்டது என்று கத்தினார். கண்ணாடியில் இருந்த சின்ன ஓட்டை வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். பழைய முகம்தான். படிக்கட்டில் உட்கார்ந்து என் முழங்கையை அழுத்தியபோது இருந்த அதே முகம். அப்போது அவள் எனக்காக இரங்கினாளா, அல்லது கேட்டதை மனதில் வைத்துக்கொண்டாளா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கலாம் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த அழுத்தம் உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

"மூணாவது பிளாட்பாரம்," என்றேன். அவள் போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு மறுபடி கூடத்துக்குப் போகத் தொடங்கினேன். பாயிடம் சொல்லிக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவள் மாலையில் வருகிறாள். முதல் சில வாரங்கள் கிளிக்கர் அடிக்கவே இல்லை. ஒவ்வொரு அம்புக்கும் முன்னால் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்திருக்கிறாரா என்றல்ல. அவரைப் பற்றிய நடுக்கம் அன்று மரத்தடியோடு போய்விட்டது, அது ஒரு விசித்திரம். இப்போது நாற்காலியில் யார் இருந்தாலும், இவரை யார் அனுப்பினார்கள் என்று தோன்றியது. மெல்ல அதுவும் குறைந்தது. என் அம்பு இப்போது முன்பைவிட நன்றாகவே போகிறது. பாய் அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

காலையில் என் பக்கத்தில் ஒரு புதுப் பெண் வருகிறாள். ஆசிரியை, கல்யாணமாகி ஆர்.கே.பேட்டைக்கு வந்தவள். சிரித்த முகம். சாப்பிட எதைக் கொண்டுவந்தாலும் எனக்கும் கொஞ்சம் எடுத்து வைப்பாள். போன வாரம் அம்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"உங்களுக்கு எப்டிங்க்கா கை ஆடவே மாட்டேங்குது? உங்களக் கலைக்கிறது ஒண்ணுமே கிடையாதா?"

அவள் சும்மாதான் கேட்டாள். எனக்கு அது தெரியும்.

"ஒண்ணும் இல்லைங்க," என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்து வைத்தேன்.